குழந்தைகளுக்கு எக்ஸ்ரே, சிடி: கதிரளவைக் குறைக்க டெல்டா மருத்துவமனைகளுக்கும் ஸ்கேன் மையங்களுக்கும் முழு வழிகாட்டி

வேதாரண்யம் பக்கம் மாடிப்படியில் உருண்டு விழுந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து நாகப்பட்டினம், நாகையிலிருந்து திருவாரூர், கடைசியில் தஞ்சாவூர் என்று அனுப்பினால், மூன்று இடத்திலும் தலைக்கு சிடி எடுக்கப்பட வாய்ப்பு உண்டு. மூன்று மையங்களிலும் இயந்திர அளவுகள் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் குழந்தை வாங்கியது மூன்று மடங்கு கதிர்.

கேவி (எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம்), எம்ஏஎஸ் (மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய அளவு), கோலிமேட்டர் (கதிர்படும் பரப்பைச் சுருக்கும் கருவி) பற்றி இந்த வழிகாட்டியில் நிறையவே வரும். ஆனால் குறைக்கக்கூடிய கதிரில் பெரும்பங்கு இரண்டு இடங்களில்தான் இருக்கிறது: தேவையே இல்லாத படம், இரண்டாம் முறை எடுக்கிற படம். இயந்திரத்தைத் திருத்துவது அதற்கு அடுத்த வேலை.

குழந்தைக்கு மட்டும் ஏன் இத்தனை கவனம்? 2013-இல் ஐ.நா.வின் கதிர்வீச்சு விளைவுகளுக்கான அறிவியல் குழு தொகுத்த அறிக்கை, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குப் புற்றுநோய் வகைகளில் குழந்தைகள் பெரியவர்களைவிட எளிதில் பாதிக்கப்படுவதாகச் சொன்னது. ரத்தப் புற்று, தைராய்டு, மார்பகம், மூளை ஆகியவை அதில் அடக்கம். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் சிறுவயதில் சிடி எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 9.5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த எபி-சிடி ஆய்வு 2023-இல் வெளியானது. இன்றைய சராசரி அளவில் ஒருமுறை சிடி எடுக்கப்படும் 10,000 குழந்தைகளில் 1 முதல் 2 பேருக்கு, அடுத்த 12 ஆண்டுகளுக்குள் அந்தக் கதிரால் ரத்தம் சார்ந்த புற்று வரலாம் என்பது அதன் கணக்கு. மூளையில் ரத்தம் கசியும் குழந்தைக்கு சிடியை மறுக்க இந்த எண் காரணமாகாது. நெற்றி வீங்கியதற்கெல்லாம் சிடி எழுதாமலிருக்க இது போதும்.

முதல் படி: இந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில்?

விண்ணப்பச் சீட்டில் 'சிடி பிரெயின்' என்று மட்டும் எழுதியிருந்தால் டெக்னீஷியன் அதைத் திருப்பிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வயது, எடை, என்ன நடந்தது, எப்போது நடந்தது, எதைத் தேடுகிறோம் என்ற ஐந்தும் சீட்டில் இருக்க வேண்டும்.

தலையில் அடி: 2009-இல் 42,412 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் உருவான பெக்கார்ன் விதிதான் இன்றும் நம்பகமான துணை. அடிபட்டு 24 மணி நேரத்துக்குள் வந்த, ஜிசிஎஸ் (நினைவுநிலையை அளக்கும் மதிப்பெண், முழு அளவு 15) 14 அல்லது 15 உள்ள குழந்தைகளுக்கு அது பொருந்தும். இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் பார்க்க வேண்டியவை: விழிப்புநிலையில் மாற்றம் உண்டா, மண்டை எலும்பு முறிவு கைக்குத் தட்டுப்படுகிறதா, நெற்றி தவிர்த்த பக்கவாட்டிலோ பின்னந்தலையிலோ வீக்கம் உண்டா, 5 வினாடி அல்லது அதற்கு மேல் நினைவு தப்பியதா, 3 அடிக்கு மேலிருந்து விழுந்ததா அல்லது வண்டி மோதியது போன்ற பலத்த அடியா, 'பிள்ளை எப்பவும் போல இல்லை' என்று தாய் சொல்கிறாரா. ஆறுக்கும் 'இல்லை, இயல்பாகத்தான் இருக்கிறது' என்பது பதிலானால் கவலைப்பட வேண்டிய மூளைக்காயத்துக்கான வாய்ப்பு 0.02 சதவீதத்துக்கும் கீழ், சிடி வேண்டாம். இரண்டு வயதுக்கு மேல் வாந்தி, கடும் தலைவலி, மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவுக்கான அறிகுறிகள் ஆகியவையும் கணக்கில் சேரும். அங்கே நினைவு தப்பியது எத்தனை வினாடியானாலும் கணக்குத்தான், விழுந்த உயரம் 5 அடி. திண்ணையிலிருந்து விழுந்ததும் மாட்டுவண்டியின் மேலிருந்து விழுந்ததும் ஒன்றல்ல. ஆகவே உயரத்தைக் கேட்டு எண்ணாகவே எழுதுங்கள்.

விழிப்புநிலை மாறியிருந்தாலோ, எலும்பு முறிவு தெரிந்தாலோ தாமதிக்காமல் சிடி. மற்றவற்றில் ஒன்று மட்டும் இருந்து குழந்தை நன்றாக இருந்தால், விழுந்த நேரத்திலிருந்து 4 முதல் 6 மணி நேரம் வார்டில் வைத்துப் பார்ப்பது நியாயமான மாற்று. அந்தப் படுக்கையைத் தர மருத்துவமனைகள் தயங்குவதால்தான் சிடி எண்ணிக்கை ஏறுகிறது என்பது எங்கள் கணிப்பு. சிடிக்குப் பதிலாக மண்டைக்கு எக்ஸ்ரே எடுப்பது இரண்டுக்கும் கெட்ட வழி. எலும்பு சரியாக இருந்தும் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம்.

காய்ச்சலோடு வரும் சாதாரண வலிப்பு (6 மாதம் முதல் 5 வயது வரை, உடல் முழுதும், 15 நிமிடத்துக்குள், 24 மணி நேரத்தில் ஒரே முறை) என்றால் ஸ்கேனே தேவையில்லை. காய்ச்சலில்லாமல் ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் நிலைமை வேறு. நம் நாட்டில் நாடாப்புழுக் கட்டியும் காசநோய்க் கட்டியும் காரணமாக இருக்கக்கூடும். படம் வேண்டும், முடிந்தால் எம்ஆர்ஐ. முதல் படம் சிடியாகவே அமைந்துவிட்டாலும் பின்தொடர்வதை எம்ஆர்ஐக்கு மாற்றுங்கள்.

வயிற்றுவலிக்கு முதல் வாசல் அல்ட்ராசவுண்ட். குடல்வால் அழற்சி, குடல் செருகல், கைக்குழந்தையின் இரைப்பை வாய் தடிப்பு எல்லாமே அதில் தெரியும். குடல் செருகலை உப்புநீர் எனிமா கொடுத்து அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே விடுவிக்கலாம். கதிர் ஒரு துளியும் இல்லை. குடல்வால் முதல் முறை தென்படாவிட்டால், சில மணி நேரம் கழித்து மறுபடி அல்ட்ராசவுண்ட், அதன் பிறகே சிடி.

கைக்குழந்தைக்கு வரும் சாதாரண மூச்சுக்குழல் சளிக்கும், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் 'சைனஸ்' சந்தேகத்துக்கும் எக்ஸ்ரே சிகிச்சையை மாற்றாது.

விழுங்கிய பொருள்கள் டெல்டாவில் தனிக்கதை. நாணயம் என்றால் சிறு குழந்தைக்கு வாயிலிருந்து ஆசனவாய் வரை ஒரே படம் போதும். நாணயம் போலத் தெரிவதன் விளிம்பில் இரட்டை வளையம் தெரிந்தால் அது பொத்தான் பேட்டரி. உணவுக்குழாயில் சிக்கியிருந்தால் 2 மணி நேரத்திலேயே சுவரை அரிக்கத் தொடங்கும். இன்னொரு படம் எடுத்துக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸ். இரைப்பைக்கு இறங்கிவிட்ட நாணயத்துக்கு, பிள்ளை நன்றாக இருந்தால் தினம் ஒரு படம் வேண்டாம். வேர்க்கடலையும் புளியங்கொட்டையும் எக்ஸ்ரேயில் தெரியாது. 'சாப்பிட்டுக்கிட்டே இருந்தான், திடீர்னு புரையேறிச்சு, அப்புறம் இருமல் நிக்கல' என்று தாய் சொன்னால் படம் சுத்தமாக இருந்தாலும் மூச்சுக்குழல் உள்நோக்கிக்கு அனுப்ப வேண்டும். திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்து நாளைக் கடத்துவதில் இரட்டை நஷ்டம்.

இரண்டாம் படி: பழைய படம் எங்கே?

பதிவு மேசையிலேயே கேளுங்கள்: 'அம்மா, பாப்பாவுக்கு இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்தீங்களா? ஃபிலிம், சிடி தட்டு ஏதாவது கையில இருக்கா?' 'இல்லை' என்றால் எந்த ஊர், எந்த நாள் என்று கேட்டு அந்த மையத்துக்குத் தொலைபேசுங்கள். பெற்றோர் முன்னிலையில் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அனுப்புகிற மையம் மூன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும்: டைகாம் (ஸ்கேன் படங்களின் மூல வடிவம்) கோப்புகள் உள்ள தட்டு அல்லது பென் டிரைவ், எழுதிய அறிக்கை, இயந்திரம் தரும் கதிரளவுப் பக்கம். ஃபிலிமைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவசரத்தில் பேச உதவும். ஆனால் அதை வைத்து நரம்பு அறுவை மருத்துவர் முடிவெடுக்க மாட்டார், மறுபடி சிடி கேட்பார். தட்டை அனுப்புவதற்கு முன் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். தஞ்சாவூரில் திறக்காத தட்டு இன்னொரு சிடிக்குச் சமம்.

மூன்றாம் படி: எக்ஸ்ரே அறைக்குள்

முதலில் உடம்பிலிருந்து கழற்ற வேண்டியவை. மார்புக்குக் கழுத்துச் சங்கிலி, தாயத்து, கருகமணி. வயிறு, இடுப்புக்கு அரைஞாண். வெள்ளியானால் நிச்சயம், கறுப்புக் கயிறானாலும் அதில் கோத்த குப்பியும் காசும் படத்தில் விழும். கைக்கு வளையல், கணுக்காலுக்குக் கொலுசு. கழுத்துக்கும் மேல் மார்புக்கும் எடுக்கும்போது சடையைத் தூக்கி உச்சியில் கட்ட வேண்டும். தோளில் தொங்கும் சடை நுரையீரல் உச்சியில் சளிக்கட்டு போலவே நிழல் தரும். அரைஞாணைக் கழற்றச் சொன்னால் பாட்டி முகம் சுளிப்பார். 'படம் எடுத்ததும் நீங்களே கட்டிடுங்க, ரெண்டே நிமிஷம்' என்றால் பிரச்சினை தீரும். அறுக்கப் போனால்தான் வம்பு.

அறைக்குள் யார் இருப்பது? குழந்தையோடு அம்மா, அத்தை, சித்தி, தாத்தா, கூடவே அண்ணன் என்று கூட்டமாக வருவது நம் வழக்கம். உள்ளே ஒருவர் மட்டும். பிடிப்பவர் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. 'நாள் தள்ளிப் போயிருக்கா?' என்று பெண் ஊழியர் தனியே கேட்க வேண்டும், மாமியார் காதில் விழும்படி அல்ல. தந்தை இருந்தால் அவரே பிடிக்கலாம். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு வயிறு, இடுப்புப் படம் என்றால் கடைசித் தீட்டு நாளையும் அப்படியே தனியாகக் கேளுங்கள். பிடிப்பவருக்கு 0.25 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன். அவர் கை கோலிமேட்டர் வெளிச்சத்துக்குள் வரக் கூடாது. ஊழியர்கள் பிடிக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும்: தாய் ஒருமுறை பிடிக்கிறார், வார்டு ஆயா தினமும் பிடிக்கிறார்.

கைக்குழந்தையானால் பால் கொடுத்து, துணியில் சுற்றி, தூங்க விட்டு எடுப்பதே நல்லது. விழித்திருந்தால் மல்லாக்கப் படுக்கவைத்து ஒருவர் தலைமாட்டில் நின்று இரு கைகளையும் காதோடு சேர்த்து மேலே பிடிக்க வேண்டும். கை காதோடு ஒட்டியிருந்தால் தலையும் திரும்பாது, மார்பும் திரும்பாது. முழங்காலுக்கு மேல் ஒரு பட்டை. அழுகிற குழந்தைக்கு வயிற்றைக் கவனியுங்கள்: அழுது முடித்து மூச்சை உள்ளிழுக்கும் கணத்தில் வயிறு எழும்பும், அப்போது இயந்திரப் பொத்தானை அமுக்க வேண்டும். மூச்சு வெளிவிடும்போது எடுத்த படத்தில் இதயம் பெரிதாகவும் நுரையீரல் வெளிறியும் தெரியும். நிமோனியா என்று தவறாகப் படிப்பார்கள், அல்லது மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

மார்புப் படத்துக்குக் கோலிமேட்டர் வெளிச்சம் கழுத்தின் அடியிலிருந்து கடைசி விலா வரை. தலை, வயிறு, கைகள் வெளியே. 20-க்கு 20 செ.மீ. போதுமான இடத்தில் 25-க்கு 25 திறந்தால் கதிர்படும் பரப்பு 56 சதவீதம் கூடுகிறது. டிஆர் (நேரடி டிஜிட்டல்) இயந்திரங்களில் எடுத்த பிறகு திரையில் ஓரத்தை வெட்டி அழகாக்கும் வசதி இருப்பதால் இந்தப் பழக்கம் கெட்டுப்போனது. திரையில் வெட்டினால் குழந்தை வாங்கிய கதிர் குறையாது. வெட்டாத மூலப் படத்தை வாரம் ஒருமுறை மூத்த டெக்னீஷியன் பார்த்தாலே போதும், ஒழுங்கு வந்துவிடும்.

அளவுகள்: பிறந்த குழந்தையின் மார்புக்கு 60 முதல் 65 கேவி, 1 முதல் 1.5 எம்ஏஎஸ், ஐந்து வயது வரை 65 முதல் 75 கேவி, ஏறத்தாழ 2 எம்ஏஎஸ். இவை தொடக்க எண்கள். உங்கள் இயந்திரத்துக்கும் பிளேட்டுக்கும் ஏற்பத் திருத்தி, எடை வாரியாக எழுதிக் கன்சோலில் ஒட்டுங்கள். நேரம் முடிந்தவரை குறைவாக இருக்கட்டும். 300 எம்ஏவில் 1.5 எம்ஏஎஸ்க்கு 5 மில்லிவினாடி போதும். 60 எம்ஏ போர்ட்டபிளில் அதற்கே 25 மில்லிவினாடி பிடிக்கும், துடிக்கிற குழந்தைக்கு அது மங்கலான படம். தூக்கிவரக் கூடிய குழந்தையைத் தூக்கிவந்து நிலையான இயந்திரத்தில் எடுப்பதே மேல். 100 செ.மீ. தூரத்தை 80 ஆகக் குறைத்தால் தோலில் விழும் கதிர் ஒன்றரை மடங்கைத் தாண்டும்.

மார்பு, வயிற்றின் தடிமன் 10 செ.மீ.க்கு உட்பட்டால் கிரிட்டை (சிதறும் கதிரை வடிகட்டும் தட்டு) எடுத்துவிடுங்கள். கிரிட்டோடு அதே படம் வேண்டுமானால் இரண்டு மடங்குக்கு மேல் கதிர் செலவாகும். பக்கிக்குள் (மேசைக்கடியில் கேசட் வைக்கும் அமைப்பு) கிரிட் நிரந்தரமாக இருந்தால் குழந்தையை மேசையின் மேல் தனி கேசட்டில் கிடத்தி எடுக்கலாம். தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டைச் சின்ன உடம்புக்கு நம்பாதீர்கள். உணர்கருவியை உடல் முழுதாக மூடாவிட்டால் சீக்கிரமே நின்று படம் வெளிறும்.

பழைய இயந்திரங்களில் இன்னொரு தொல்லை மின்னழுத்தம். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் அழுத்தம் தாழ்ந்தால் அதே எண்ணில் கதிர் குறைவாக வரும், படம் வெளிறும், மறுபடி எடுப்பார்கள். எடுப்பதற்கு முன் கன்சோலில் உள்ள மின்வரி ஈடுசெய்யும் திருகைச் சரிபார்ப்பது அரை நிமிட வேலை.

ஃபிலிம் காலத்தில் அளவு கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் அந்தக் காட்டிக்கொடுப்பு இல்லை; அளவு கூடக்கூடப் படம் இன்னும் வழவழப்பாகத் தெரியும். அதனால் யாரும் புகார் சொல்லாமலே எம்ஏஎஸ் மெல்ல ஏறும். சரியான அளவிலிருந்து எவ்வளவு விலகியது என்று இயந்திரம் காட்டும் விலகல் எண்ணைப் பாருங்கள்: 0 சரியான அளவு, +3 என்றால் இரு மடங்கு, −3 என்றால் பாதி. −3 வந்தாலும் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மறுபடி எடுக்காதீர்கள். பழைய சிஆர் (பிளேட்டைத் தனியே படிக்கும் டிஜிட்டல்) கருவிகளில் எண்ணின் திசை மாறும். ஃபூஜியின் எஸ் எண் ஏறினால் கதிர் குறைவு. கேர்ஸ்ட்ரீமின் எண் ஏறினால் கதிர் கூடுதல். இரண்டு கருவியும் உள்ள இடத்தில் இதை எழுதி ஒட்டாவிட்டால் குழப்பம் உறுதி.

பச்சிளங்குழந்தை வார்டில் போர்ட்டபிள் எடுக்கும்போது இன்குபேட்டர் மூடியின் துளை நிழலைக் காற்றுப்பை என்று படிக்க வாய்ப்புண்டு. கோணத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். அமுக்குபவர் 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பக்கத்துத் தொட்டிலை ஒரு மீட்டர் நகர்த்தினால் போதும், வார்டைக் காலி செய்ய வேண்டியதில்லை.

நான்காம் படி: சிடி

பெரியவர்களுக்கான திட்டத்தை அப்படியே அமுக்குவதுதான் இங்கே பெரிய தவறு. திரையில் 'பீடியாட்ரிக்' என்று எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். உள்ளே எண்கள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். வயிற்றுக்கு எடை வாரியாகவும், தலைக்கு வயது வாரியாகவும் திட்டம் வையுங்கள். மெலிந்த குழந்தையின் வயிற்றுக்குக் கான்ட்ராஸ்டோடு (ஊசியில் செலுத்தும் அயோடின் மருந்து) 80 கேவி பெரும்பாலும் போதும். குறைந்த கேவியில் அயோடின் இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஒரே கட்டம். கான்ட்ராஸ்டுக்கு முன், பின், தாமதம் என்று மூன்று முறை ஓட்டினால் மூன்று மடங்கு. குழந்தையின் வயிற்றுக்குப் பெரும்பாலும் கான்ட்ராஸ்டுக்குப் பின்னான ஒரு ஓட்டம் மட்டும் போதும். தலை கேட்டால் தலை. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று கழுத்தையும் சேர்க்காதீர்கள்.

கேன்ட்ரியின் (சிடி இயந்திர வளையம்) நடுவில் கிடத்துவதை அலட்சியம் செய்கிறார்கள். மேசை உயரம் பிசகினால் முதல் நோட்டப் படத்தில் உடல் பெரிதாகத் தெரிந்து தானியங்கி மின்னோட்டம் தேவைக்கு மேல் ஏறலாம். லேசர் கோடு காது மட்டத்தில் அல்லது உடலின் பக்கவாட்டு நடுவில் விழ வேண்டும். மல்லாக்கப் படுத்த குழந்தைக்கு, எக்ஸ்ரே குழாய் மேசைக்கு அடியில் இருக்கும்படி நோட்டப் படத்தை எடுத்தால் தைராய்டுக்கும் மார்புக்கும் குறைவாகப் படும்.

எடுத்ததும் அளவுப் பக்கத்தைப் பாருங்கள். தலை சிடிக்கு 2018-இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஒப்பீட்டு அளவுகள், சிடிடிஐ (சிடி இயந்திரம் காட்டும் கதிரளவுக் குறியீடு) கணக்கில்: 3 மாதம் வரை 24 மில்லிகிரே, ஒரு வயது வரை 28, ஆறு வயது வரை 40, அதற்கு மேல் 50. உங்கள் எண்கள் தொடர்ந்து இதற்கு மேல் இருந்தால் நிறுவனப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். உடல் சிடியில் ஒரு பொறி உண்டு. உடலுக்குப் பதிலாக அளவிட வைக்கும் மாதிரி உருளை இரண்டு உண்டு; 32 செ.மீ. உருளைக் கணக்கில் காட்டும் எண், 16 செ.மீ. கணக்கில் காட்டுவதில் ஏறத்தாழ பாதிதான். 'எங்க மெஷின்ல பாதிதான் வருது' என்று பெருமைப்படும் முன் எந்த உருளை என்று அந்தப் பக்கத்திலேயே பாருங்கள்.

ஈயத் துணி பற்றி

இனவிருத்தி உறுப்பின் மேல் ஈயத்துண்டு வைப்பது பல ஆண்டு வழக்கம். 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமும் 2021-இல் அந்நாட்டுக் கதிர்ப்பாதுகாப்பு மன்றமும் அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றன. உடலுக்குள் சிதறும் கதிரை அது தடுக்காது. இடம் நகர்ந்து இடுப்பெலும்பை மறைத்தால் மறுபடி எடுக்க நேரும். தானியங்கிக் கட்டுப்பாட்டின் மேல் விழுந்தால் அளவு ஏறும். கோலிமேட்டரைச் சுருக்குவதே பெரிய பாதுகாப்பு. பெற்றோர் கேட்டுப் பதறினால், படம் கெடாத இடத்தில் வைப்பதில் குற்றமில்லை.

பெற்றோருக்கு என்ன சொல்வது

மார்பு எக்ஸ்ரே ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட்; மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் எல்லோருக்கும் ஆண்டுக்கு உலக சராசரியாகக் கிடைக்கும் 2.4 மில்லிசீவர்ட்டில் மூன்று நாள் பங்கு. தலை சிடி ஏறத்தாழ 2. ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. வயிற்று சிடி அதைவிடக் கூடும். அல்ட்ராசவுண்டிலும் எம்ஆர்ஐயிலும் இந்தக் கதிர் இல்லை. இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும். உடம்பில் தங்காது, குழந்தையைப் பிடித்த தாய் உடனே பால் கொடுக்கலாம். எடுத்த படங்களின் தேதியும் இடமும் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் இருந்தால் அடுத்த ஊரில் கேட்கும்போது சொல்ல வசதி.

மாதக் கணக்கு

இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், கதிர்ப்பாதுகாப்பு அலுவலர், இரண்டாண்டுக்கு ஒருமுறை தரச் சோதனை ஆகியவை சட்டப்படி இருந்தாக வேண்டியவை. அதற்கு மேல் ஒரு நோட்டு வையுங்கள். ரத்தான ஒவ்வொரு குழந்தைப் படத்துக்கும் ஒரு வரி: எந்தப் பாகம், யார் எடுத்தது, ஏன் ரத்து (அசைவு, நகை, மூச்சு, அளவு, இடம் பிசகல்). ஒரு மாதத்தில் எடுத்த குழந்தைப் படங்களில் ரத்து 5 சதவீதத்துக்குள் இருப்பது இலக்கு. 7-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். நகை என்ற காரணம் அதிகமானால் தவறு பதிவு மேசையில். அசைவு அதிகமானால் பிடிப்பதில் அல்லது நேரத்தில். ஒரே இரவு ஷிப்டில் மட்டும் கூடினால் அங்கே ஒருவர் தனியாக வேலை பார்க்கிறாரா என்று பாருங்கள். 'ரத்து ஏதும் இல்லை' என்று தொடர்ந்து மூன்று மாதம் எழுதியிருந்தால், கணினியில் அழித்த படங்களின் எண்ணிக்கையை எடுத்து நோட்டோடு ஒப்பிட வேண்டும்.